அறவேண்டிய தையல்

உட்கார முடியாமல் உங்களுக்கு எழுதுகிறேன், என் ராசம்மா மதினி,

சாவகாசமாக நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. நாளை திங்கட்கிழமை. உங்கள் மகள் நிரோஷா நாளைக்குத்தான் முதன்முதலாகத் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறாள். அவள் முதுகில் மாட்டிக்கொண்டு போகவேண்டிய சாக்கு பாதித் தையலோடு மிஷினில் கிடக்கிறது. காலையிலிருந்து அதைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். அதன் தோள் வாரை எந்த நூலால் தைப்பது என்று எனக்கு இன்னும் முடிவு வரவில்லை.

"ஒரு சாக்குக்குப் போயி இந்தப் பாடா?" என்று அண்ணன் வாசலில் இருந்தபடியே கேட்டார். உங்கள் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாதா? கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

நிரோஷா ஏன் மலைக்குப் போகிறாள் என்றுதானே கேட்கிறீர்கள்? போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் நீங்கள், அப்படியே போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தோட்டத்து வேலைப் பதிவில் யாருக்கும் பேர் இல்லை. அண்ணனுக்கு வயது முடிந்துவிட்டது, எனக்கு முழங்கால் போய்விட்டது. யாராவது ஒருவர் பேர் பதிந்தால்தான் லயத்தில் இந்த ஒற்றை அறைக் காம்பரா நமக்கு என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பில் துணிக்கடையில் நின்ற பிள்ளை வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினாள். "அம்மா எடத்துக்கு நான் பதிஞ்சிட்டேன் அத்தை" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. அந்த அழுத்தம் உங்களிடமிருந்து வந்ததுதான்.

நூல் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வைத்துவிட்டுப் போன பருத்தி நூல் கட்டைகள் தீர்ந்துவிட்டன. தலவாக்கலைக்குப் போய்க் கடை கடையாகக் கேட்டேன். "இப்ப யாரும்மா பருத்தி நூலு கேக்குறாங்க? எல்லாம் பொலியெஸ்டர்தான். வேணுமுன்னா எடுங்க, இல்லாட்டி வழிய விடுங்க" என்று ஒரு கடைக்காரர் பெரிய கோன் ஒன்றை மேசையில் வைத்தார். வழியை விட எனக்கு மனமில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதை உங்கள் மிஷினில் ஏற்றினேனே, அன்று நான் பட்ட பாடு! நூல் கட்டை மாட்டுகிற கம்பியில் அந்தக் கோன் நிற்கவே இல்லை. மிதிக்க மிதிக்க ஆடியது, துள்ளியது, சாய்ந்தது. நான்கு தையல் போனால் நூல் அறுந்தது. அறாத இடத்தில் துணிக்கு அடியில் கூடு கட்டிக்கொண்டது. மிஷின் திருத்துகிற சிங்கள பாஸ் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது கெழட்டு மிஷின் நோனா. பழைய நூல்தான் சரி. புதுசு ஒண்டு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இறம்பொடையிலிருந்து உங்களோடு கல்யாணச் சீராக வந்த மிஷினை, அவர் எப்படி அப்படிச் சொல்லலாம்?

அந்த ஆத்திரத்தில்தான் எல்லாம் பிடிபட்டது. கோனைக் கம்பியிலிருந்து எடுத்து, தரையில் ஒரு கோப்பைக்குள் நிறுத்தினேன். அந்த நூலைப் பக்கவாட்டில் இழுத்தால் முறுக்கிக்கொள்ளும், உச்சி வழியாக மேலே இழுத்தால் ஒழுங்காக வரும். சுவரில் ஒரு கம்பி வளையம் அடித்து, நூலை அதன் வழியாக மேலே கொண்டுபோய் மிஷினுக்கு இறக்கினேன். புது நூல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஆகவே நூலை இறுக்குகிற திருகை நன்றாகத் தளர்த்தினேன். ஊசியைக் கொஞ்சம் தடித்ததாக மாற்றினேன். இறுக்குத் தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்துக் கிடந்தது, அதை ஈர்க்கால் தோண்டி எடுத்தேன். பிறகு மிதித்தேன். மிஷின் ஓடியது மதினி! சத்தம் கூட மாறவில்லை.

எதற்காக அவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்காகத்தான். தலையில் கயிறு மாட்டிச் சுமந்து கழுத்து போகிறது என்று, பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டுகிற கொழுந்துச் சாக்கை முதலில் தைத்தவர் இந்த லயத்தில் நீங்கள்தான். ஆனால் வார் தைத்த இடம் அடிக்கடி விட்டுப்போகும். "ராசம்மா தையலு ரெண்டு மழைக்குத்தான்" என்று உங்கள் காதுபடவே சிரிப்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டுத் திரும்பத் தைத்துக் கொடுப்பீர்கள். எனக்குத்தான் பொறுக்காது. நீங்கள் போன பிறகாவது அந்தப் பேச்சை ஒழித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

ஒழித்தும் விட்டேன். பொலியெஸ்டர் நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்த சாக்கு ஒன்று கூடத் திரும்பி வரவில்லை. மேல் லயம், கீழ் லயம் எல்லாவற்றிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். வட்டகொடைப் பக்கமிருந்து கூட ஆள் வந்தது. "பாக்கியம் தச்சா பாறாங்கல்லயும் தூக்கலாம்" என்று காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் பேசிக்கொண்டார்களாம். அதைக் கேட்டு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முழங்கால் வலி கூட மறந்துபோனது.

பிறகு அந்தக் குளவி வந்தது.

போன மாதம், ஏழாம் நம்பர் மலையில். மேலே பாறையை ஒட்டி நிற்கிற மரத்தில் பெரிய கூடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அன்று ஒரு கழுகு வந்து கூட்டைக் கலைத்துவிட்டது. "குளவி! குளவி!" என்று சத்தம் கேட்டதும் பெண்கள் கூடையையும் சாக்கையும் எறிந்துவிட்டு ஓடினார்கள். தலையில் மாட்டியிருந்தவர்கள் குனிந்த வேகத்தில் சுமை கழன்று விழுந்துவிட்டது. நம் பக்கத்துக் காம்பரா லெட்சுமி நான் தைத்த சாக்கைத் தோளில் மாட்டியிருந்தாள். சாக்கு நிறைய ஈரக் கொழுந்து. ஓடுகிற அவசரத்தில் ஒரு பக்க வார் தேயிலைச் செடியின் அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டது. இழுத்திருக்கிறாள். வரவில்லை. மறுபக்கத்திலிருந்து கையை உருவப் பார்த்திருக்கிறாள். இறுகிப்போய் அதுவும் வரவில்லை. அவள் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்க, குளவிகள் முகத்தில் அப்பிவிட்டன.

அடுத்த மலையில் செடி வெட்டிக்கொண்டிருந்த பெருமாள் அண்ணன் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து, கவ்வாத்துக் கத்தியால் வாரை அறுத்து அவளை இழுத்துக்கொண்டு போனார். அவருக்கும் கொட்டு. லெட்சுமியை லொறியில் ஏற்றினார்கள். உயிர் பிழைத்தாள். கடவுள் புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அப்போது எனக்கு வார் அறுத்த கதை தெரியாது.

ஆசுபத்திரிக்குப் பார்க்கப் போனேன். முகம் வீங்கிக் கண் மூடிக் கிடந்தாள். என் குரலைக் கேட்டதும் அந்த நிலையிலும் சிரித்தாள்.

"என்னா நூலுடி பாக்கியம் அது! நான் இழுத்த இழுப்புக்கு மரமே வந்திருக்கும். ஒன் தையலு வரல. கத்தி வச்சுத்தான் அறுத்தாரு."

அவள் என்னைப் புகழ்ந்துதான் சொன்னாள் மதினி. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடமும் திரும்பி, "இவதான் தச்சா" என்று பெருமையாகக் காட்டினாள். நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பையை அவள் காலடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஆசுபத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்த பஸ் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. நீங்கள் தெரிந்துதான் செய்தீர்களா? ஒரு முறை நானே ஹட்டனிலிருந்து ஒரு புது நூல் வாங்கிவந்து கொடுத்தேன். நீங்கள் அதை மிஷினில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "அது நமக்கு ஆகாது பாக்கியம்" என்று சொல்லி, அலுமாரியில் போட்டுவிட்டீர்கள். நமக்கு என்றால் யாருக்கு? மிஷினுக்கு ஆகாது என்றீர்களா, மலையில் ஓடுகிறவர்களுக்கு ஆகாது என்றீர்களா? அண்ணனைக் கேட்டேன். "அவ பழசயே கட்டிக்கிட்டு அழுவா, அதான்" என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நீங்கள் ஒன்றும் பெரிய யோசனைக்காரி இல்லை, எனக்குத் தெரியாதா? ஆனாலும் நீங்கள் தைத்த வார் எதுவும் யாரையும் மலையில் பிடித்து வைத்ததில்லை. அது மட்டும் உண்மை.

ஆசுபத்திரிக்குப் போய்வந்த மறுநாளே லயம் லயமாகப் போய், நான் தைத்த சாக்குகளைத் திருப்பிக் கேட்டேன். யாரும் கொடுக்கவில்லை! இதை நீங்கள் நம்புவீர்களா? மேல் லயத்துக் கமலா சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கிறத எதுக்குப் பிரிக்கிறீங்க? மேட்டுல ஏறும்போது வாரு விட்டுக் கொழுந்து கொட்டினா, மேல நின்னு வேலை வாங்குற கண்டாக்கு ஒங்களயா கேப்பாரு? என்னயத்தான் கேப்பாரு."

"லெட்சுமி மூஞ்சிய பாத்தியா நீ?"

"பாத்தேன். குளவி என்னைக்கோ ஒருநா வரும். கொழுந்து தெனமும் எடுக்கணும்க்கா."

அவள் சொன்னதில் என்ன பிழை? வாயில் பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். அவளைத் திட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன். சுமக்கும்போது விடக்கூடாது, இழுக்கும்போது விட வேண்டும். ஒரே தையல் இரண்டையும் எப்படிச் செய்யும்?

தையலை நீளமாக்கிப் பார்த்தேன். புது நூல் அப்போதும் விடவில்லை, துணிதான் கிழிந்தது. ஒற்றைத் தையல் போட்டேன். அண்ணன் பலம் கொண்டமட்டும் இழுத்தும் வரவில்லை. "இது நூலா, கம்பியா?" என்று கையை உதறினார். பழைய பருத்தித் துணியிலிருந்து இழை உருவித் தைத்துப் பார்த்தேன். ஊசிக் காதிலேயே அறுந்தது. மிஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களைக் கூடத் திட்டினேன், மன்னிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை உங்கள் படத்துக்குப் போட மாலை கட்டிக்கொண்டிருந்தேன். கோயில் கடையில் விற்கிற பூக்கட்டும் நூல். வேறெதையோ நினைத்துக்கொண்டு கொஞ்சம் வேகமாக இழுத்ததும் பட்டென்று அறுந்தது. அட, இதுவும் பருத்திதானே! ஊசியில் கோத்தால் இது தாங்காது. ஆனால் அடியில், பொபினில் சுற்றினால்? அடி நூல் ஊசிக் காதுக்குள் போவதே இல்லையே. மாலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். உங்கள் படம் அன்று வெறுமனே இருந்தது.

பூ நூல் ஓர் இடத்தில் தடிப்பு, ஓர் இடத்தில் மெலிவு. பொபினில் கையாலேயே சுற்றினேன். பொபின் கூட்டின் சின்னத் திருகையும் தளர்த்தினேன். மேலே பொலியெஸ்டர், கீழே பூ நூல். மிஷின் முனகியது, ஆனால் தைத்தது. சாக்குக்குள் உருளைக்கிழங்கும் கரட்டும் அடைத்து நிரோஷாவின் தோளில் மாட்டி, லயத்தைச் சுற்றி நடக்கவிட்டேன். தாங்கியது. "இப்ப இழு!" என்று கத்தினேன். இழுத்தாள். அடி நூல் அறுந்தது, தையல் சரசரவென்று விட்டது, சாக்கு விழுந்தது, கிழங்கெல்லாம் வாசலில் ஓடியது. துணியில் ஒரு கீறல் இல்லை. பிள்ளைகள் கிழங்கைப் பொறுக்கினார்கள். நான் படியில் உட்கார்ந்து சிரித்தேன்.

அதோடு நிம்மதி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அடுத்த சாக்கு நடக்கும்போதே விட்டது. அதற்கடுத்தது இழுத்தும் விடவில்லை, அங்கே பூ நூல் தடிப்பாக இருந்திருக்கிறது. மழையில் நனைந்தால் எப்படி இருக்கும்? காய்ந்தால் எப்படி? இதோ இன்று ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு அவள் போக வேண்டிய இடம் அதே ஏழாம் நம்பர் மலை. கூட்டை அழிக்க ஆள் வருவார்கள் என்கிறார்கள், வருகிற பாட்டைக் காணோம். பூ நூலில் தைத்தால் முதல் நாளே கொழுந்தைக் கொட்டிப் பெயரைக் கெடுத்துக்கொள்வாளோ என்று பயம். பொலியெஸ்டரில் தைத்தால் லெட்சுமியின் முகம் கண்ணில் வருகிறது. தைக்கிறேன், பிரிக்கிறேன். நிரோஷா வந்து பார்த்துவிட்டு, "ஏன் அத்தை, நான் கொழுந்து எடுக்கப் போறனா, சண்டைக்குப் போறனா?" என்று கேட்டுவிட்டுத் தலைவாரப் போய்விட்டாள்.

இதோடு நிறுத்துகிறேன். வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டும்.

*

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடியும் எழுதுகிறேன்.

பூ நூலில்தான் தைத்துக் கொடுத்தேன். காலையில் அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, செடி கீறாமல் இடுப்பில் உங்கள் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். நான் அவள் தோளில் வாரைச் சரிசெய்து விட்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அண்ணன் வழக்கமாக அந்த நேரத்தில் வாசலுக்கு வராதவர், இன்று வந்து நின்றார்.

பகல் முழுக்க எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வேலையும் ஓடவில்லை. மலைப்பக்கம் யாராவது கூப்பிட்டால் வாசலுக்கு ஓடினேன்.

வேலை விட்டு அவர்கள் இறங்கி வந்தபோது பார்த்தேன். நிரோஷாவின் சாக்கில் ஒரு வார் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கூட மாட்டாமல் பாதைக்கு ஓடினேன். "எங்க கொட்டிச்சு? எங்க?" என்று அவள் முகத்தையும் கழுத்தையும் தடவிப் பார்த்தேன்.

"குளவியெல்லாம் ஒண்ணுமில்ல, விடுங்க அத்தை! மேட்டுல கால் வழுக்கிருச்சு. வாரு கட்டையில மாட்டி, டப்புனு அறுந்து, பாதிக் கொழுந்து தண்ணி ஓடுற கான்ல கொட்டிருச்சு. எல்லாரும் சிரிக்கிறாங்க. கண்டாக்கு வேற ஏசுறாரு. மொத நாளே மானம் போச்சு! என்னா தையலு தைக்கிறீங்க நீங்க?"

பாதை நடுவில் நின்று, அத்தனை பேருக்கும் முன்னால் அவள் என்னை ஏசினாள். அவள் கண்ணில் தண்ணீர். கைமுட்டியில் மண், ஒரு சின்னச் சிராய்ப்பு. அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஏசி முடிக்கும்வரை விடவே இல்லை. பின்னால் வந்த கமலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேகமாக மேல் லயத்துப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் சாக்கைக் கொண்டுவந்து நம் வாசலில் போட்டுவிட்டுப் போனாள்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் மதினி. "செத்தவளுக்கு எழுதுறத ஊரு படிக்கணுமா?" என்று அண்ணன் கேட்கிறார். படிக்கட்டும். எத்தனையோ தோட்டத்தில் எத்தனையோ பேர் பழைய மிஷினில் புது நூல் போட்டுத் தோள் வார் தைக்கிறார்கள். உறுதியாகத் தைக்கிறோம் என்று என்னைப் போலவே சந்தோஷப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஞாயிறுதோறும் நம் லயத்துச் சாக்கு எல்லாவற்றையும் நானே இழுத்துப் பார்ப்பேன். விட்டுப்போனதைத் திரும்பத் தைப்பேன், விட மறுப்பதைப் பிரிப்பேன். உங்கள் மகள் தினமும் வந்து என்னை ஏசட்டும். ஏச அவள் வீடு வந்து சேர்ந்தால் போதும். இழுத்தால் அறாத வாரை நான் அவள் முதுகில் ஏற்ற மாட்டேன்.

உங்கள் வீட்டில், உங்கள் மிஷினுக்கு முன்னால் இருக்கிற
உங்கள் நாத்தனார்,
பாக்கியம்